கொசுப் பம்பில் அடித்த கறுப்பு

சிம்னி விளக்கின் கரியைச் சுரண்டி வார்னிஷில் குழைத்து, அதன் தலையில் கொஞ்சம் டர்ப்பண்டைன் ஊற்றினால் ஒரு நெடி கிளம்பும். அது மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் தின்கிற சோற்றையும் குழம்பையும்கூட வார்னிஷ் ஆக்கிவிடும். யுத்த காலத்தில் ஒரு புரட்டாசி மாதம் முழுவதும் நான் அந்த நெடியோடுதான் படுத்தேன், அந்த நெடியோடுதான் எழுந்தேன். என் பக்கத்தில் படுக்க மறுத்த அக்கா, என்னை "தாரு டின்னு" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அப்போது நாங்கள் ஆவடிக்கு அருகே சேக்காட்டில் இருந்தோம். என் அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதுவரை பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்த நிலமெல்லாம் பட்டாளத்துக்குப் போய் கேம்ப் எழும்பியதும், நிலத்துக்காரர்கள் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நைனாவுக்குக் கேம்ப்பிலேயே கொசு மருந்து அடிக்கிற "கேங்"கில் வேலை கிடைத்தது. கையில் மருந்தைத் தூவுகிற ஒரு பித்தளை ஃபிளிட் பம்பு, இடுப்பில் மண்ணெண்ணெய் வாசனை, மேலே திட்டுவதற்கு ஒரு மேஸ்திரி, அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு கதி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் ஒருநாள் வகுப்புக்கு வந்து, வானத்தில் போகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று காவல் பார்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மர விமானங்கள் வேண்டும், மாணவர்களே செய்து தர வேண்டும், பூஜை லீவு முடிந்ததும் கேம்ப் துரையே வந்து வாங்கிக்கொள்வார் என்றார். வெயிலுக்கு எதிரே பார்த்தால் விமானம் வெறும் கறுப்பு உருவமாகத்தானே தெரியும்? அதனால் அடிக்கிற கறுப்பில் பளபளப்பும் இருக்கக் கூடாது, தூரிகைக் கோடும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

கல்யாண முருங்கைக் கட்டையில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாலும் உறுத்தாதபடி செய்துவிட்டேன். அதுவரை நான் ராஜா. கறுப்பு அடிக்க உட்கார்ந்த அன்றுதான் சனி பிடித்தது. தூரிகையால் பூசினால் இறக்கை முழுக்க உழுத நிலம் மாதிரி வரி விழுந்தது. வாத்தியார் இரக்கப்பட்டு, வாயால் ஊதுகிற தகரக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். ஒரு முனை சாயத்தில், மறு முனை என் வாயில். சாயம் கெட்டியாக இருந்தால் வெற்றிலை எச்சில் துப்பிய மாதிரி பொத்பொத்தென்று விழும். டர்ப்பண்டைனைக் கூட்டினால் இறக்கைக்கு அடியில் ஓடிப்போய்ச் சொட்டாகத் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் பிடித்து, மூச்சு முட்ட முட்ட ஊதி, ஒருவழியாகச் சமமாக வந்ததென்று தலை நிமிர்ந்தால், தெருவில் ஒரு பட்டாள லாரி போய் செம்மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போகும். சுரண்டு, தேய், மறுபடி ஊது. கடைசியில் தலை சுற்றி, சாயத்தைக் கொஞ்சம் விழுங்கியும் விட்டேன். விமானத்தைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு அழுதேன்.

அந்த நேரத்தில்தான் நைனா பம்போடு வந்தார். ஆயுத பூஜைக்கு அவரவர் பிழைப்புச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏர் இருந்தவரை ஏர் வைத்தோம். இப்போது பம்பு. மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு கேங்கில் இருந்த அத்தனை பேரும் பம்பை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார்கள்.

"இன்னாடா அயுதுகினு கீறே?" என்று கேட்ட நைனா, விமானத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடச்சீ, இதுக்குப் போயா? பூ மாதிரி தூவணும், அவ்ளோதானே? அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே தர்றான்" என்றார். யோசனை அவருடையது. பம்பில் சாயத்தை ஊற்றியதும் அவர்தான். விமானத்தைக் கயிற்றில் கட்டி முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, என் கையில் பம்பைக் கொடுத்து, பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். விட்டு விட்டு அடித்தேன். முதல் தடவையாக அந்தக் கறுப்பு கோடில்லாமல், சொட்டில்லாமல், மங்கலாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே வந்து படிந்தது. நைனா கைதட்டினார். நான் குதித்தேன். காலையில் சாயம் காய்ந்ததும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடி, நைனாவின் பம்பில் அடித்ததென்று பெருமை அடித்துக்கொண்டும் வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அம்மா பம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அரிவாள்மணைக்கும் என் புத்தகங்களுக்கும் நடுவே பலகையில் வைத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த நைனாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அடியே, உள்ளார கயுவலியே!"

"பொட்டு வெச்சாச்சு. நாளைக்குக் காலைல மறுபூஜை போடற வரைக்கும் ஆரும் தொடக் கூடாது" என்றாள் அம்மா. பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். நைனா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

விஜயதசமியன்று கேம்ப்பில் லீவு கிடையாது. நைனா விடியற்காலையில் பலகையிலிருந்து பம்பை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது என்று பொட்டு அழியாமல் கொண்டுபோனார். உள்ளே சாயம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கொசு மருந்து என்பதே மண்ணெண்ணெய்தானே. முதலில் அடித்த இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஊற ஊற, கறுப்பு கரைந்தது. துரையின் படுக்கையறையில் தும்பைப்பூப் போல் தொங்கிய கொசுவலை மேல் நைனா அடித்தபோது அது புஸ்ஸென்று கறுப்பாக வந்தது. வலை, தலையணை, இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை எல்லாம் பாழ்.

மேஸ்திரி அவரை கேங்கின் முன்னால் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான். நைனா என்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. மருந்து கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி என் தலையைத் தடவி, "அந்தப் பம்புல கலர் அடிச்சேன்னு எங்கியும் சொல்லிடாதே கண்ணு. தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார். நான் ஏற்கெனவே வாத்தியாரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் வாத்தியாரைத் தனியே பிடித்து, பம்பு விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்ளலாம் என்று ஓடினேன். அவர் கோட்டும் தலைப்பாகையுமாகத் துரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மேஸ்திரி, விமானங்களை அடுக்கிக் கொண்டுபோக ஒரு கூடையோடு. துரை ஒவ்வொரு விமானமாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்து, என்னுடையதை எடுத்ததும் நின்றுவிட்டார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக எதால் அடித்தான் என்று கேட்டார். என் வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்க முடியும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஃபிளிட் பம்பில் அடித்தது, இவன் அப்பா உங்கள் கேம்ப்பிலேயே கொசு மருந்து அடிப்பவர் என்று இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார்.

துரை விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். அவர் சிரித்ததால் வாத்தியார் சிரித்தார். வாத்தியார் சிரித்ததால் பையன்கள் எல்லாம் என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. துரை என் கன்னத்தைத் தட்டி, ஒரு சாக்லெட் டப்பாவைக் கையில் திணித்தார். அப்போதே தரை பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அந்த டப்பாவை நான் திறக்கவே இல்லை. அக்காதான் தின்றாள்.

வேலை போகவில்லை. போயிருந்தால்கூட இவ்வளவு வெட்கம் இருந்திருக்காதோ என்று சில சமயம் தோன்றும். துரை மன்னித்துவிட்டார். ஆனால் அவருக்கு அது நல்ல வேடிக்கைக் கதையாகிவிட்டது. கேம்ப்புக்கு விருந்தாளி யார் வந்தாலும் மேஸ்திரி நைனாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "அந்த பிளேன் கதைய நடிச்சிக் காட்டுடா" என்பானாம். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போன நான் அதைக் கண்ணால் பார்த்தேன். நைனா பம்பைப் பிடித்து அடிப்பது போலவும், கறுப்பைக் கண்டு திடுக்கிட்டுக் குதிப்பது போலவும் நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வேலி ஓரத்தில் என்னைப் பார்த்ததும் அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் சோற்றுத் தூக்கை வேலியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கேம்ப்பில் யாரையும் பம்பை எடுத்துப்போக விடவில்லை. எங்களால் கேங் முழுவதுக்கும் அந்தக் கொடுப்பினை போயிற்று. நைனா வெறுங்கையோடு வந்தார். "உன்னுது இன்னா வெக்கறது?" என்று அம்மா கேட்டதற்கு, "புள்ளயோட பென்சிலு கீதில்ல, அத்த வெய்யி" என்று சொல்லி, அவரே சந்தனத்தைத் தொட்டு என் பென்சிலுக்குப் பொட்டு வைத்தார்.

இன்று சேக்காட்டில் எங்கள் குடிசை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபிளிட் பம்பைப் பழைய இரும்புக் கடையில்கூட நான் பார்த்து வெகு காலமாயிற்று. கொசு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. நைனா போன பிறகும், அவரைத் தெரிந்த கிழவர்கள் என்னைப் பார்த்தால், துரையே அசந்துபோன விமானத்தைச் செய்தவன் நீதானா என்று கேட்பார்கள். சாகும்வரை அவர் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். என் கை நேர்த்தி, ஜன்னல் வெளிச்சம், சாக்லெட் டப்பா, எல்லாம் அதில் இருக்கும். கொசுவலை மட்டும் வராது. எனக்கோ இத்தனை வயதாகியும், அந்த வலையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லத் தெரியவில்லை.