கழித்த படத்தில் தெரிந்த கோடுகள்

அக்காவின் சீ.ரீ. ஸ்கேன் படங்கள் ஒரு சீ.டி. இறுவட்டில் இருந்தன. சிறுநீரகக் கல்லோ என்று பார்க்க வயிற்றை மட்டும் எடுத்தது. கல் இல்லையென்று அறிக்கை வந்ததும், "சும்மா கிடக்குது, உன்ர கணக்குக்கு உதவுமெண்டா வைச்சிரு" என்று தந்துவிட்டாள். வவுனியாவில் கம்பஸில் படிப்பிக்கிறேன். முப்பரிமாண ஸ்கேன் படங்களில் உள்ள இரைச்சலை, அதாவது வேண்டாத புள்ளிகளை, வேவ்லெட் கணிதத்தால் நீக்குவதுதான் என் ஆராய்ச்சி.

பெரிய வித்தை போலிருக்கும். செய்வதென்னவோ புடைக்கிற வேலைதான். நீளம், அகலம், ஆழம் மூன்று பக்கமும் படத்தைப் பெரிய உருவங்களாகவும் நுணுக்கங்களாகவும் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். நுணுக்கங்களில் மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கி மீதியைத் திரும்பச் சேர்த்தால் படம் துப்புரவாகிவிடும். பிறகு பழைய படத்திலிருந்து புதியதைக் கழித்து, எறிந்ததை மட்டும் பார்ப்பேன். அதில் வெறும் பொரிப்பொரியாய் இருந்தால் நல்லது. உருவம் தெரிந்தால் பதரோடு நெல்லும் போய்விட்டது என்று அர்த்தம்.

அன்று காலை எறிந்ததில் கோடுகள் தெரிந்தன. மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து நாலாபக்கமும் விரிந்திருந்தன. "என்ன கோதாரி இது" என்று முதலில் என் புரோகிராமைத்தான் திட்டினேன். பிறகு மூலப் படத்தில் அந்தப் புள்ளியைத் தேடிப் போனேன். முள்ளந்தண்டோடு ஒட்டி, எலும்பின் வெள்ளைக்குள் வெள்ளையாய் ஒரு குறுணி. எலும்புக்கு அவ்வளவு அடர்த்தி கிடையாது, அது இப்படிக் கோடுகளை இறைக்கவும் செய்யாது. இரும்பு! சண்டைக்காலத்து ஷெல் பீஸ், வெடித்த குண்டின் சிதறல்!

அக்காவுக்கு அன்றைக்குத்தான் எம்.ஆர்.ஐ. கால் விறைக்கிறதென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மெசின் முழுக்கக் காந்தம். உள்ளே படுத்தபின் குறுணி அசைந்தால் கால் மட்டுமா போகும்? போனை எடுத்தேன்.

"அக்கா, எங்க நிக்கிறாய்?"

"உடுப்பு மாத்திப்போட்டு இருக்கிறன். அடுத்தது நான்தான்."

"உள்ள போகாத! உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. இல்லையெண்டனான்."

"முதுகில பீஸ் கிடக்குது, அக்கா!"

"ஓம், தெரியும்" என்றாள்.

"விசரோ உனக்கு? தெரிஞ்சுகொண்டோ இல்லையெண்டு சொன்னனீ?" கத்திவிட்டேன்.

"கத்தாத. முகாமில ஆமிக்காரர் எத்தினை பேர் மாறி மாறிக் கேட்டவங்கள். காயமெண்டா இயக்கமெண்டு தனியப் பிரிச்சுக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயம். இல்லை, இல்லையெண்டு சொல்லிச் சொல்லி, இப்ப ஆர் கேட்டாலும் வாய் தன்ரபாட்டில இல்லையெண்டுது."

சண்டை முடிந்த அந்த நாட்களில் நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். முகாமிலிருந்து வந்தவளிடம் நானும் கேட்டேன், காயம் ஏதும் பட்டதோ என்று. எனக்கும் அதே 'இல்லை'தான் கிடைத்தது. சொந்தத் தம்பிக்குமா!

"இப்ப ஒருத்தரும் பிடிக்க மாட்டினம். எழும்பிப் போய்ச் சொல்லு. போனை வைக்காத."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "பிள்ளை, நான் முதல் சொன்னது பிழை. ஷெல் பீஸ் இருக்குது."

"ஐயோ அம்மா! எங்க?" தாதி பதறினாள்.

அக்கா நிதானமாகச் சொன்னாள்: "முதுகில ஒண்டு. தலையில ரெண்டு."