அழறா, அவ்வளவுதான்

பேத்தி பார்க்கும் கொரியத் தொடர் வெறும் இழுவை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நேற்று நாயகி அழுதபோது கேட்காமல் இருக்க முடியவில்லை. கீழே ஓடும் எழுத்துகள் என் கண்ணுக்கு எட்டுவதில்லை.

"என்னடி சொல்றா?"

"ஒண்ணுமில்ல தாத்தா. அழறா, அவ்வளவுதான்."

சின்ன வயதில் மாட்டுங்காவில், பக்கத்து வீட்டு டிவி முன்னால், நான் அம்மாவுக்குச் சொன்ன அதே சொற்கள். ஞாயிற்றுக்கிழமை இந்திப் படம். கூடம் முழுக்க வியர்வையும் மல்லிகையும் மணக்கும். இந்தி தெரியாத அம்மா என் தொடையைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். படம் பார்க்கும் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். மீதியை நடிகர்களின் முகங்களைப் பார்த்து அவளே ஊகித்துக்கொள்வாள்.

ஒருமுறை, படம் பார்த்த மறுநாள், வராந்தாவில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அந்தக் கதையைச் சொன்னாள்.

"ஐயோ மாமி, அவ அவனோட தங்கைன்னா! பொண்டாட்டிங்கறேளே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வாரம், "தலைவலிடா, நீ போ" என்றாள். பிறகு வரவே இல்லை. தொல்லை விட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.

"கொஞ்சம் பின்னாடி போடேன். ஏன் அழறான்னு சொல்லு" என்றேன்.

பேத்தி முகத்தைச் சுளித்தாள். இதே சுளிப்பை என் முகத்தில் பார்த்துக்கொண்டேதான் அம்மா ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டிருக்கிறாள்.