மாவட்டத்தில் முதலாவது வந்த மெசின்

நேற்று உடுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு ரியூசன் கொட்டிலின் வேலியில் பெரிய பனர் ஒன்று கட்டியிருந்ததைப் பார்த்தேன். பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் முகங்கள், கீழே மாவட்ட நிலை. தேறாத பிள்ளைகளின் படங்களையும் போட்டால் என்ன என்று எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. சிரிக்காதீர்கள், கிட்டத்தட்ட அதையே செய்த ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணித ரியூசன் கொடுத்துக் களைத்துப்போய், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொம்பியூட்டர் கடை போட்டவர். சனிக்கிழமைகளில், வீடியோ வெட்டுகிறவர்கள் கொண்டுவந்து வைக்கும் மெசின்களுக்கெல்லாம் வேகத்தை அளக்கிற ஒரே பென்ச்மார்க் சோதனையை ஓடவிட்டு, ஆகக் குறைந்த புள்ளியிலிருந்து தொடங்கிச் சத்தமாக வாசிப்பார். வெளிநாட்டுச் சொந்தங்கள் பிளேன் ஏற முதல் கல்யாணவீட்டு வீடியோ கைக்குக் கிடைக்கவேண்டும். அதனால் கெதியான மெசின் வைத்திருப்பவனுக்குத்தான் ஸ்டூடியோக்காரர் வேலை கொடுப்பார்கள். கடைசியாக வந்தவனைப் பார்த்துச் சிரிக்கவென்றே ஒரு கூட்டம் வரும். நானும் முதலில் சிரிக்கத்தான் போனேன்.

அந்தக் கடையை நினைத்தால் சூடேறிய தூசியின் மணம் மூக்கில் வரும். அதற்குப் பின்னால் அண்ணையின் நினைவு வரும். கனடாவில் ஒரு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. அங்கே கழித்துவிட்ட சேர்வர் கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, நானும் வீடியோ வெட்டிப் பிழைக்கட்டும் என்று கப்பலில் அனுப்பினார். நாங்கள் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, இரவல் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம்.

"உது பெரிய கொம்பனி பாவிச்ச சேர்வர் புரொசெசர் தம்பி. இனி உனக்குக் கடல் வேண்டாம்" என்றார் போனில்.

அம்மாவைப் பார்க்க வருவதற்குச் சேர்த்து வைத்திருந்த காசை அதில் போட்டுவிட்டார். பெட்டியைப் பிரித்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதுக்கோ அவன் வராமல் விட்டவன்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.

ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆள் பிடிக்க ஒரு ஸ்டூடியோக்காரர் வந்த சனிக்கிழமை, நான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்தில் சுன்னாகத்துப் பெடியன் ஒருவனின் புது டெஸ்க்டொப், சின்னதாக, மினுமினுவென்று. சேர் எல்லாவற்றுக்கும், புரொசெசருக்குள் இருக்கிற கோர்களில் ஒன்றின் வேகத்தை அளக்கிற ஒற்றைக் கோர் சோதனையை மட்டும் ஓடவிட்டார்.

"ஆகக் கடைசி, மயிலிட்டி" என்று வாசித்தார். "கனடாவிலை எறிஞ்ச சாமானைக் கொண்டந்து சோதினைக்கு இருத்தியிருக்கிறார்."

கடை குலுங்கியது.

"சேர், இதுக்குக் கன கோர் இருக்கு. எல்லாம் சேந்து ஓடுற சோதினையையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."

"முதல் பேப்பரிலை பெயில் விட்டவருக்கு ரெண்டாம் பேப்பர் என்னத்துக்கு?"

கரைவலை இழுக்கிற கூட்டத்திலிருந்து ஒருவனை மட்டும் கூப்பிட்டு ஓட்டப்பந்தயம் வைத்தால் அவன் தோற்கத்தான் செய்வான். டெஸ்க்டொப்பின் ஒற்றைக் கோர் பறக்கும். சேர்வரில் ஒவ்வொரு கோரும் மந்தம், ஆனால் எல்லாம் சேர்ந்தால் வலை கரைக்கு வரும். வெட்டிய வீடியோவைக் கடைசியில் முழுப்படமாக எடுக்க அந்தக் கூட்டம்தான் வேண்டும். ஸ்டூடியோக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சுன்னாகத்தானின் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்.

"பழைய இரும்பு விலைக்கு எடுக்கிறன், வைச்சிட்டுப் போம்" என்றார் சேர். அதை மறுபடி தூக்கிக்கொண்டு அந்தச் சிரிப்புக்குள்ளால் நடக்க எனக்குக் கால் எழவில்லை. அவர் நீட்டிய காசை வாங்கிக்கொண்டு, வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாரியில் கடல் கொந்தளித்து, தொழில் படுத்துவிட்டது. நான் சேரிடமே போய் வேலை கேட்டேன். பின்னறைத் திரையை விலக்கினால் அண்ணையின் மெசின் இருக்கிறது. இரண்டாம் சோதனையின் புள்ளியை அச்சடித்து, 'மாவட்டத்தில் முதலாவது' என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். சுன்னாகத்தானின் மெசினில் முடியாத வீடியோக்களும் அங்கேதான் வந்தன. என் மெசினுக்கு நானே கூலிக்காரன். இப்படி ஒரு உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

"சேர், உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாமலோ? தெரிஞ்சதெல்லாத்தையும் பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டால் ஆர் ரியூசனுக்கு வருவினம்?"

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சொன்னார். அந்த முகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மெசின் இப்போது யாருடையது என்று அண்ணை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீடியோ அழைப்பில் அதைக் காட்டச் சொல்லுவார். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "உன்ரை கடையைப் பாக்க ஒருக்கா வரோணும்" என்பார்.

அம்மா செத்தபோது அவரால் வர முடியவில்லை. செத்தவீட்டு வீடியோவை அந்த மெசினில்தான் செய்து அன்றைக்கே அனுப்பினேன். அழுதுகொண்டே போன் எடுத்தார்.

"கெதியாய் அனுப்பிப்போட்டாய் தம்பி. அண்டைக்கு நான் வராமல் உந்த மெசினை அனுப்பினது நல்லதாய்ப் போச்சு."

இப்போது கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். வீடியோக்காரர் எங்கேயோ உள்ள சேர்வர்களை இன்ரநெட்டில் வாடகைக்குப் பிடித்து வேலை முடிக்கிறார்கள். சேர் லண்டனில் மகளோடு இருக்கிறார். மெசின் இரும்புக்காரனின் லொறியில் போனது. வாற வருசம் கட்டாயம் வருவேன் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். வந்தால் காட்டுவதற்கு என்னிடம் மெசினும் இல்லை, அம்மாவும் இல்லை.