துணிக்கடைக்குள் ஒரு படிக்கட்டு

புதுத் துணியின் கஞ்சி வாசனையும், மேலேயிருந்து இறங்கி வரும் கறிவேப்பிலைத் தாளிப்பும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும் மரப்படிக்கட்டு ஒன்று பதுளைக் கடைவீதியில் இருந்தது. என் சித்தி குடியிருந்த மேல்வீட்டுக்கு அதுதான் வழி. தனி வாசல் கிடையாது. துணிக்கடைக்குள் நுழைந்து, சேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டு, கடையின் நடுவே ஏறிப்போக வேண்டும். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து என்னைப் படிக்க அனுப்பிய அம்மா அங்கேதான் கொண்டுவந்து விட்டாள்.

கடையும் மேல்வீடும் ஒரு முஸ்லிம் முதலாளிக்குச் சொந்தம். எங்களுக்கு அவர் "நானா". சித்தி பையோடு வந்தால் என்ன மீன் என்று கேட்பார். நான் வந்தால் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்பார். வியாபார நேரத்தில் இடைஞ்சலாக இருக்கிறதே என்று சித்தி கூசினால், "ஆக்கள் ஏறி எறங்கினாத்தான் தங்கச்சி கடைக்குப் பரக்கத்து" என்பார். அவர் சொன்ன அந்த வளம் எங்கள் காலடியில் இருப்பதாக நம்பி, நான் வேண்டுமென்றே இன்னொரு தடவை ஏறி இறங்கியதுண்டு.

வெள்ளிக்கிழமைதான் வேடிக்கை. நானா கடையைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட, சித்தி மேலே அடைபட்டுக் கிடப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும், எதிர்த் தையல்கடையில் வேலை பார்த்த சித்தப்பாவும் தெருவில் நிற்போம். சித்தி சன்னலுக்கு மேலிருந்த கொக்கியில் கயிற்றைக் கோத்து, சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்த கூடையை மெல்ல இறக்குவாள். தெருவோரத் தேங்காய் வண்டிக்காரர் சித்தப்பாவைக் கேலி செய்யாமல் விடமாட்டார். "மாப்பிள்ளைக்கு வானத்துல இருந்து சோறு வருது, நமக்கு அடுப்புல இருந்தே வர்றதில்ல" என்பார்.

பிறகு நானாவின் மகன் கடையில் உட்காரத் தொடங்கினார். படிக்கட்டை எடுத்துவிட்டால் கண்ணாடி அலுமாரி வைக்கலாம் என்பது அவர் பேச்சு; அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்பக்கம் வேறு படி கட்டலாமென்றால் அடுத்தவர் சுவர் ஒட்டி நின்றது. நானா சம்மதிக்கவில்லை. வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்க, நடுவில் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினோம்.

ஒருநாள் காலையில் சித்தி கடைசிப் படியில் நின்றாள்.

"நானா, எங்களுக்காக மகனோட மல்லுக்கு நிக்காதீங்க. ஊருக்கு வெளிய ஒரு வீடு பாத்துட்டோம்."

நானா மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தார். "படிய எடுத்தா இனி அங்க யாரு தங்கச்சி இருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அங்கே கைபேசிக் கடை. படி ஏறிய இடத்தைப் பலகையால் மூடி, அதில் விளக்குப் பதித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இன்னும் சில மேல்வீடுகளுக்கும் இதே கதிதான். பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் சன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. குடியிருக்க இடமிருக்கிறது, ஏறத்தான் வழியில்லை. போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்த என் தங்கை மகள், ஓர் அறைக்காக என்னையும் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தாள். கால் கடுத்துப்போய் அந்தக் கடைக்கு எதிரே நின்றபோது, பெயர்ப்பலகைக்கு மேலே துருப்பிடித்துத் தெரிந்த கொக்கியைக் காட்டிக் கூடைக் கதையைச் சொன்னேன். "பேசாம நீயும் கூடையில ஏறிப் போயிடு" என்றேன்.

சிரித்தாள். பிறகு மேலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கயிறு விட மேல ஒரு ஆள் இருக்கணுமே பெரியம்மா."