பேர் சொல்லாத மைக்

என் சகலையை எல்லாரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எந்த மேடையானாலும் முதலில் ஏறி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பது அவர்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் மனிதருக்குச் சாதாரணமாகப் பேச வராது. குளிக்கப் போன இடத்தில் சோப்பு இல்லையென்றால், "சோப்பு தீர்ந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று உள்ளிருந்து குரல் வரும். கேட்டுக் கேட்டு என் கொழுந்தியாளுக்குக் காது மரத்துவிட்டது.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நன்கொடையாளர்களின் பெயரை அறிவிப்பதில்தான் அவருக்கு உயிரே இருந்தது. கொடுத்தது ஒரு குப்பைக்கூடையாக இருந்தாலும், கொடுத்தவரை வள்ளலாக்கிவிட்டுத்தான் மைக்கை விடுவார். அந்தக் குரலில் தங்கள் பெயரைக் கேட்பதற்காகவே பெற்றோர்கள் பணத்தை வெளியே எடுத்தார்கள். நானும்தான். எனக்குப் பெயிண்ட் கடை. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, மூன்று இறக்கையிலும் என் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் நானே எழுதினேன். விசிறி ஓடினால் பெயர் தெரியாது. அதனால் கரண்ட் போனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இப்படியே பள்ளிக்கூடம் பெயர்களால் நிரம்பியது. பெரிய கூடத்தில் மட்டும் மூன்று கடிகாரம், மூன்றிலும் மூன்று பேர் பெயர், மூன்றும் வேறு வேறு நேரம். இல்லாதது, பெண்பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவும் தண்ணீரும். சகலை அதற்காகவும் மைக்கில் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. செருப்புக் கடை முதலாளியிடம் நேரிலேயே போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஏங்க, எங்கப்பா பேர கக்கூஸ் கதவுல எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் நாலாவதாக ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

சகலைக்கு அது வெறும் வசூல் இல்லை. அவர் மகள் அங்கேதான் ஆறாம் வகுப்பு படித்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். குடித்தால்தானே போக வேண்டும், அதனால் குடிப்பதே இல்லை. "ஸ்கூல்ல எனக்குத் தாகமே எடுக்காது பெரியப்பா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று சுருண்டு படுப்பாள். ஒரு முறை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிஞ்சி வந்த தண்ணீரைக் கொழுந்தியாள் வாசல் செடிகளுக்கு ஊற்றுவாள். செடிகள் நன்றாகக் கொழுத்திருந்தன. பிள்ளைதான் வாடிப்போயிருந்தாள். எனக்கு அந்தச் செடிகளைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அந்த நேரத்தில்தான் புதிய தலைமை ஆசிரியை வந்து சேர்ந்தார். வந்ததும் கழிவறைக்குத்தான் இந்த வருட வசூல் என்றார். சகலை குளிர்ந்துபோனார். அடுத்து ஆசிரியை விதிமுறைகளைச் சொன்னார். சகலைக்கு வேர்த்துவிட்டது.

எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும். பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பக் கூடாது. பூட்டிய பெட்டி, திறக்கும்போது இரண்டு பேர், வந்ததும் போனதும் பலகையில். எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை, போடாதவர் காலி உறையைப் போடலாம், யாரும் கேட்கக் கூடாது. இதுவரை நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"குடுத்தவங்க பேரு மைக்ல வரவே கூடாது" என்றார் கடைசியாக. "போன வருஷம் வகுப்பு வகுப்பா பேர் வாசிச்சீங்களாமே. வீட்லேருந்து பணம் வராத பிள்ளைங்க மறுநாள் ஸ்கூலுக்கே வரல. ஒரு பேர் வந்தாலும் வசூல அங்கயே நிறுத்திடுவேன். வந்த பணத்தையும் திருப்பிக் குடுத்துடுவேன்."

"பேர் சொல்லாம எப்படி டீச்சர் பணம் வரும்?"

"அது உங்க சாமர்த்தியம்."

சகலை என் கடைக்கு வந்து பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். "அன்பு உள்ளம் கொண்ட, அள்ளிக் கொடுக்கும் கரம் கொண்ட, நமது..." என்று ஆரம்பித்ததும் ஒரு பெயர் தானாக உதட்டுக்கு வந்துவிடும். உடனே வாயைப் பொத்திக்கொள்வார். "சகலை, இது என்னால ஆகாது. பேர் சொல்லிப் பழகின வாயி" என்றார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. இவர் வாய் தவறினால் அந்தப் பிள்ளை இன்னொரு வருடம் தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் திரை கட்டி, அதற்குப் பின்னால் பெட்டியை வைத்திருந்தார்கள். உறைகள் எல்லார் கையிலும் இருந்தன. செருப்புக் கடை முதலாளி உறையால் விசிறிக்கொண்டிருந்தார். சகலை கழிவறையின் நிலைமையைச் சொன்னார், கெஞ்சினார், நாட்டியத்துக்கு நடுவிலும் கெஞ்சினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் தலைமை ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சகலை மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். இங்க இருக்கிறவங்கள்ல ஒருத்தர் ஏற்கெனவே குடுத்துட்டாரு. அவர் சக்திக்கு அது பெரிய தொகை. யாருன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. பேர் வேணாம்னு குடுத்த மனுஷன். அவர நான் கும்பிடறேன்."

கூட்டம் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. செருப்புக் கடை முதலாளி விசிறுவதை நிறுத்திவிட்டு லேசாகத் தலை குனிந்தார். "நீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாலு வரிசை தள்ளி மருந்துக் கடைக்காரர் தரையைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த முதல் உறை சகலையுடையது, அன்றைய மைக் வாடகை மொத்தமும் அதில் இருந்தது. காலையில் வயர் இழுக்க அவரோடு போனபோது அவர் போடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படி இருந்தும் என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தபோது என் தலையும் தானாகக் குனிந்துவிட்டது. என்ன செய்ய, பழக்கம் அப்படி.

பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை நேரம் சும்மா உட்கார முடியும்? முதலாளி, காலை நீட்டிவிட்டு வருகிறேன் என்பது போல எழுந்து திரைக்குப் பின்னால் போனார். மருந்துக் கடைக்காரர் போனார். நானும் போனேன். கக்கூஸ் கதவில் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் யாருக்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே வரிசையே நின்றது.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் முதலாளி நேராக மேடையேறி, சகலையின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார். சகலை கையில் மைக் இருந்தது.

"நான்தான் எல்லாரையும் விட அதிகமா போட்டிருக்கேன். தயவு செஞ்சு என் பேர மட்டும் சொல்லிடாதீங்க" என்று நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

கூட்டம் சிரித்தது. தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார். சகலையின் மகள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பேர் வரல" என்றார் சகலை, மைக்கிலேயே. "குரல் மட்டும்தான் வந்துச்சு."

தலைமை ஆசிரியை சகலையைப் பார்த்தார், திரைக்குப் பக்கத்தில் நின்ற வரிசையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கதவு வந்தது, தாழ்ப்பாளோடு. தண்ணீரும் வந்தது. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். பெயர் ஒன்றுமில்லை. கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தது நான்தான், அதுவும் எங்கேயும் எழுதவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

கதவு மாட்டிய வாரம் ஒரு சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை வந்து பையைப் போட்டுவிட்டு விளையாட ஓடினாள். கொழுந்தியாள் வழக்கம்போல் பாட்டிலை எடுத்துக்கொண்டு செடிகளிடம் போனாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தரம் உதறிப் பார்த்துவிட்டு, பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

சகலை உள்ளே போனார். பழுதுபார்க்க வைத்திருந்த செட்டைப் போட்டார். "ஹலோ, ஹலோ" என்று தெரு முழுக்கக் கேட்டது. "எங்கள் வீட்டுப் பாட்டில் காலி என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பாவம், குடிக்கத் தண்ணீர் இல்லையோ என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதை வாங்கிச் செடிகளுக்கு ஊற்றினோம்.