பரணுக்கு நேரே ஒரு குசினி

நாங்கள் ஊரை விட்டு வந்து குடியேறிய கூர் என்ற நகருக்கு மேலே, மலைச்சரிவில் காடு தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய புல்வெளித் துண்டை வாங்கினேன். வீடு கட்ட அனுமதியில்லாத நிலம். வேட்டைக்காரர்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் கீழே நகரம் வளர்ந்துகொண்டே வருகிறது, பத்து வருடத்தில் மேலே ஏறி வந்தே தீரும், அப்போது அனுமதியும் வரும் என்று கணக்குப் போட்டேன். ஹோட்டலில் வெங்காயம் உரிக்கிறவனுக்கு நகர அமைப்பில் அவ்வளவு ஞானம்!

மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை. "அங்கை இருக்கலாமோ எண்டு நான் வந்து பாத்துத்தான் சொல்லுவன்," என்றாள். அவள் ஓம் சொல்லாவிட்டால் அங்கே வீடு என்ற பேச்சே இல்லை.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டுக்கு அளவு குறிக்க முளைகளும் நூலும் எடுத்துக்கொண்டு போனோம். பனிமூட்டம் இறங்கியிருந்தது. நிலத்தின் நடுவில் புல்லே முளைக்காத ஓரிடம் இருந்தது. சுற்றிவரக் குளம்படிகள். "குசினி இதிலை வரட்டும்," என்றாள். சமையலறைக்கே இடம் சொல்லிவிட்டாள் என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நான் முளைகளை அடிக்க, அவள் நூல் கட்டினாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஆரோ நிக்கினமோ?"

"பேய்க்கும் இஞ்சை பெர்மிட் வேணும்," என்று சிரித்தேன். ஆனால் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. எனக்கும் பிடரி கூசியது.

பார்த்துவிடுவோம் என்று காட்டுக்குள் போனேன். எல்லைக்கு அப்பால் ஒரு மரத்தில் ஏணியும் பலகைப் பரணும். ஏறி உட்கார்ந்தேன். முன்னால் இருந்த கிளைகளையெல்லாம் யாரோ நேர்கோட்டில் வெட்டி வழி விட்டிருந்தார்கள். அந்த வழியின் முடிவில் என் மனைவி குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய காப்புகூடத் தெரிந்தது. கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். ஏன் அப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

இறங்கும்போது, ஏணி திருத்த வந்த வேட்டைக்காரர் கீழே நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய தகப்பன் மிருகங்களுக்காக அந்தப் புல் முளைக்காத இடத்தில் வருடக்கணக்காக உப்புக்கட்டி வைத்தாராம். மண் முழுக்க உப்பு ஊறிவிட்டதாம். மான்கள் இன்னும் வந்து மண்ணை நக்குமாம். நிலம் என்னுடையதாக இருக்கலாம், ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ளவர் செப்டெம்பரில் அங்கே வேட்டையாடலாம். வீடு கட்டினாலும் அவை வரும் என்றார்.

மனைவியிடம் மறைக்க நினைத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே பரண் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செப்டெம்பரிலை மட்டும்தான் வருவினம். அதுவும் மான் சுட," என்றேன்.

"ஊரிலையும் எங்கடை குசினிக்கு நேரை ஆமிக்காரற்றை காவலரண் இருந்தது. அவங்கள் ஒருநாளும் எங்களைச் சுடேல்லை," என்றாள். "பாத்துக்கொண்டுதான் இருந்தவங்கள்."

கதவுக்கென்று விட்ட இடைவெளியால் வெளியே வந்து, காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்தினாள். முளைகளை நான்தான் பிடுங்கினேன். கடைசி முளை வரைக்கும், பரணுக்கு முதுகு காட்ட எனக்குத் துணிவு வரவில்லை.