பஸ் நிறுத்தம் வரைக்கும்

சர்க்கரை வியாதியில் என் இடது கால் போன பிறகும், எங்கள் புந்தோங் குடியிருப்பில் உதவிக்கு நான் ஆள் தேடியதே இல்லை. சக்கர நாற்காலி வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். எங்கள் ப்ளாட்டுக்கு முன்னால் போகிற நடைபாதை சாக்கடை மூடிகளின் மேல்தான் போகிறது. பாதி மூடிகள் உடைந்தவை. என்னை நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி பஸ் நிறுத்தத்தில் வைப்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் நான் வீட்டிலேயே கிடக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தையல் வேலை தயாராக இருந்தது. பஸ்ஸில் நாற்காலி ஏறப் பலகை உண்டு. நிறுத்தம் வரைக்கும் தினமும் நானே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து ஒரு குழு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் ஊரும் எங்கள் மாநகர் மன்றமும் சேர்ந்து, எல்லோரும் சிரமமில்லாமல் போய்வரப் பாதை போடுகிறார்களாம். மூன்று குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு, தேவை அதிகமான இடத்தில் முதலில் தொடங்குவார்களாம்.

நாங்கள் என்ன செய்தோம்? கூட்டிப் பெருக்கினோம். சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்துக்குத் துரை வருகிறார் என்றால் குடியிருந்த லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, துரை" என்று சொன்னவர்களின் பிள்ளைகள்தானே நாங்கள். உடைந்த மூடிகளை மறைத்துப் பூத்தொட்டிகளை அடுக்கினார்கள். எந்தத் தொட்டி எங்கே என்று கைகாட்டியவள் நான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

குழு வருவதற்கு முன்பே என்னைத் தூக்கிப்போய் குடியிருப்பு மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பட்டுச்சேலை, தலையில் மல்லிகை. குழுவில் இருந்த ஓர் அம்மா நிதானமான மலாயில் என்னிடம் கேட்டார், வெளியே போய்வரச் சிரமம் உண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். சிரமமே இல்லை, நாங்கள் தூக்கிவிடுவோம் என்றார். அந்த அம்மா எதையோ எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எங்கள் ப்ளாட்டுக்குத் தேவையில்லை என்றுதான் எழுதியிருப்பார்.

"அண்ணே, என்னைத் திரும்ப வீட்டு வாசல்ல விடுங்க," என்றேன் தலைவரிடம்.

"ஏங்க்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வாசலுக்கு வந்ததும் தொட்டிகளை எடுக்கச் சொன்னேன். பிறகு நானே சக்கரத்தைத் தள்ளினேன். மூன்றாவது மூடியிலேயே முன்சக்கரம் இறங்கிவிட்டது. நாலு பக்கமிருந்தும் கைகள் நீண்டன.

"கையை எடுங்கலா. யாரும் தொடக் கூடாது."

நெம்பிப் பார்த்தேன், பின்னால் இழுத்துப் பார்த்தேன். நாற்காலி அசையவில்லை. சேலையெல்லாம் சாக்கடைச் சேறு. எல்லோரும் பார்க்க அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் கண்ணுக்கு எதிரே இருந்தது. அந்த அம்மா என்னைத் தூக்க வரவில்லை. மண்டியிட்டு, அளவு நாடாவை எடுத்து, என் சக்கரத்தையும் அது விழுந்த பள்ளத்தையும் அளந்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை என்னைத் தூக்க விட்டேன்.

குழு போன பிறகு தலைவர் முகம் வாடி நின்றார். "நாங்க தூக்குறது உங்களுக்குப் பிடிக்கலையாக்கா?"

"அப்படியில்லண்ணே. நீங்க வேலைக்குப் போறீங்கதானே? நானும் போகணும்."

பாதை எங்கள் ப்ளாட்டில்தான் முதலில் தொடங்கியது. முடியும் வரை தினமும் வாசலில் உட்கார்ந்து, சரிவு செங்குத்தாக இருந்த இடத்தையெல்லாம் உடைத்துத் திரும்பப் போட வைத்தேன். மேஸ்திரி என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் நாலு பேரும் வந்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு நானே தள்ளிக்கொண்டு போனேன்.

பஸ் தாமதம். நிறுத்தத்தில் நின்ற மற்றவர்களோடு சேர்ந்து நானும் அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டு காத்திருந்தேன்.